வீட்ல நாய் உண்ணி தொல்லையா? முதல்ல சுவத்தப் பாருங்க

நாய்க்கு மட்டும் மருந்து போட்டா உண்ணி போகாதுங்க, ஏன்னா ரத்தம் குடிச்சு உப்புன பெண் உண்ணி கீழ விழுந்து சுவத்து விரிசல், கதவு நிலை இடுக்குன்னு எங்கயாவது ஏறி ஆயிரக்கணக்குல முட்டை வச்சுடும், பொரிச்சு வர்றதெல்லாம் மறுபடி நாய் மேலதான் ஏறும். அதனால டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை குடுக்குற அன்னைக்கே படுக்கைத் துணிய கொதிக்கிற தண்ணில போடுங்க, விரிசல சிமெண்ட் வச்சு அடைங்க, புல்ல ஒட்ட வெட்டுங்க.

காதுக்குள்ள, விரல் இடுக்குல தினமும் தடவிப் பாருங்க. கடிச்சிட்டு இருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து ஸ்பிரிட்ல போடுங்க, கையால நசுக்கவே கூடாது, மண்ணெண்ணெயும் வேண்டாம். பூனை இருக்குற வீட்ல பெர்மெத்ரின்ங்கற பூச்சி மருந்தத் தொடவே தொடாதீங்க, பூனைக்கு அது விஷம். நாய் சாப்பிடாம சோர்ந்து கெடந்தா டிக் ஃபீவரா (உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்) இருக்கலாம், உடனே ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.