புள்ளைங்க நம்மகிட்ட வந்து சொல்லணும்னா நாம என்ன பண்ணணும்

டீன்ஏஜ் பசங்க தற்கொலைய எப்படி தடுக்கிறதுன்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் அறிகுறி என்னன்னுதான் கேக்குறாங்க. அது முக்கியம்தான், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, உங்க புள்ளைக்கு செத்துடலாம்னு ஒரு நெனப்பு வந்தா அத உங்ககிட்ட சொல்ற தைரியம் அதுக்கு இருக்கா? நிறைய வீட்டுல இருக்காது. பாசம் இல்லாம இல்ல, சொன்னா பைத்தியம்னு பேரு வந்துடும், அம்மா அழுவாங்க, அப்பா கத்துவாரு, சொந்தக்காரங்களுக்கு தெரிஞ்சிடும்னு பயம். அந்த பயத்த எடுத்து போடுறதுதான் பெரிய வேல.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க 7 லட்சத்துக்கு மேல தற்கொலைல இறந்திருக்காங்க, 15லேர்ந்து 29 வயசு வரைக்கும் இருக்கிறவங்க சாவுக்கு மூணாவது பெரிய காரணமே அதுதான். மனநல பிரச்சனைகள்ல கிட்டத்தட்ட பாதி 18 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. அதனால நம்ம வீட்டுல எல்லாம் இப்படி வராதுன்னு நெனைக்காதீங்க.

முதல்ல வீட்டு பேச்ச மாத்துங்க. டிப்ரெஷன்ல இருக்கிற யாரையாவது பத்தி பேச்சு வரும்போது "வேலை வெட்டி இல்லாதவங்களுக்கு வர்ற நோய்", "எல்லாம் சீன் போடுறது"ன்னு நாம சாதாரணமா சொல்லிட்டு போயிடுறோம், பக்கத்துல போன் பாத்துட்டு உக்காந்திருக்கிற புள்ள அத கேட்டுட்டுதான் இருக்கும், இவங்ககிட்ட சொன்னா நம்மளையும் இப்படித்தான் பேசுவாங்கன்னு அன்னைக்கே முடிவு பண்ணிடும். அதே இடத்துல "பாவம், எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும், டாக்டர பாத்தது நல்லதுதான்"னு சொல்லி பாருங்க, அட்வைஸே வேணாம், அது மனசுல நிக்கும். உங்களுக்கே மனசு சரியில்லாத நாள்ல அத மறைக்காம சொல்லுங்க, "இன்னைக்கு எனக்கு ரொம்ப பாரமா இருக்கு, கொஞ்சம் பேசணும்"னு. ஆம்பள புள்ளைங்க முன்னாடி அப்பா இத சொன்னா இன்னும் நல்லது, ஏன்னா அழக்கூடாதுன்னு அவனுங்களத்தான் அதிகமா அடக்கி வெச்சிருக்கோம்.

அறிகுறின்னு பாத்தா இந்த வயசுல சோகமாவே இருக்கணும்னு இல்ல, எரிஞ்சு விழுறதா கூட வெளிய வரும். தூக்கம் மாறும், பிடிச்சதெல்லாம் விட்டுடும், பிரெண்ட்ஸ விட்டு ஒதுங்கும், ஆசையா வெச்சிருந்த பொருள தூக்கி யாருக்காவது குடுக்கும், "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு பேச்சோட பேச்சா சொல்லும். முன்னாடி ஒரு தடவ முயற்சி பண்ணியிருந்தா ரொம்பவே கவனமா இருங்க. அட்டென்ஷனுக்காக பண்றான்னு மட்டும் தள்ளிடாதீங்க, அப்படியே கவனிப்பு கேட்டாலும் அது தேவைப்படுறதாலதான கேக்குது?

சந்தேகம் வந்தா நேராவே கேளுங்க. "செத்துடலாம்னு தோணுதா?" இவ்ளோதான் கேள்வி. கேட்டா நாமளே எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடும்னு பலபேர் பயப்படுறாங்க, ஆராய்ச்சில பாத்த வரைக்கும் கேக்குறதால அந்த எண்ணம் கூடுறதில்ல, நிறைய பேருக்கு மனசு லேசாகத்தான் ஆகுது. எதிரெதிர உக்காந்து விசாரணை மாதிரி கேக்காம, ஒண்ணா நடந்து போகும்போதோ வண்டில போகும்போதோ கேட்டா பசங்களுக்கு சுலபமா வாய் வரும். ஆமான்னு சொன்னா பதறாதீங்க, "உனக்கு என்ன குறை வெச்சோம்", "எங்கள நெனச்சு பாத்தியா"ன்னு ஆரம்பிச்சா அந்த கதவு அப்பவே மூடிக்கும். "சொன்னியே, அதுவே பெரிய விஷயம், நான் கூட இருக்கேன், சேர்ந்து பாப்போம்"னு சொல்லிட்டு அது பேசுறத கேளுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்க, உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்னு உண்மைய சொல்லிடுங்க.

அன்னைக்கு தனியா விடாதீங்க. வீட்டுல இருக்கிற மாத்திரை, பூச்சி மருந்து, வேற ஆபத்தான எதுவா இருந்தாலும் பூட்டி வைங்க, இல்ல வெளிய குடுத்துடுங்க. சாகணும்ங்கிற அந்த வேகம் பல சமயம் கொஞ்ச நேரத்துல தணிஞ்சிடும், அந்த நேரத்துல கைக்கு எதுவும் எட்டலன்னா உயிர் தப்பிக்கும், இத நான் சும்மா சொல்லல, தடுப்பு முறைகள்ல நல்லா நிரூபணமானது இது. உடனடி ஆபத்துன்னா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. போன்ல பேசணும்னா உதவி நம்பர் இருக்கு, இந்தியால 14416, இலங்கைல 1926, சிங்கப்பூர்ல 1767, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 988. நம்பர புள்ளையோட போன்லயும் போட்டு வைங்க.

டாக்டர்கிட்ட போறத ரகசிய பயணம் மாதிரி ஆக்காதீங்க, பல்வலிக்கு போற மாதிரி சாதாரணமா கூட்டிட்டு போங்க. நாம ஒளிச்சு ஒளிச்சு போனா இது அசிங்கம்னு நாமளே கத்து குடுக்கிறோம். ஆனா யாருக்கு சொல்லலாம்னு புள்ளைய கேட்டு முடிவு பண்ணுங்க, அது அதோட விஷயம். மாத்திரை குடுத்தா ஆரம்ப வாரங்கள்ல நல்லா கவனிச்சுக்கோங்க, நாமளா திடீர்னு நிறுத்தக்கூடாது.

இன்னொண்ணு, பசங்க முதல்ல சொல்றது பிரெண்டுகிட்டதான். அதனால உங்க புள்ள நல்லா இருந்தாலும் இத சொல்லி வைங்க, பிரெண்டு சாகணும்னு சொன்னா அந்த ரகசியத்த காப்பாத்தாத, நம்புற ஒரு பெரியவங்ககிட்ட சொல்லு, அவன் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்லன்னு. டீச்சர்ங்களும் கவுன்சிலர் ரூமுக்கு போற பசங்கள கிளாஸ் முன்னாடி பேர் சொல்லி அனுப்பாதீங்க, தயவு செஞ்சு.

ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்பி வந்த புள்ளைக்கு அடுத்த சில வாரம் ரொம்ப ஆபத்தான காலம், அப்பதான் எல்லாரும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுறாங்க. ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு சேர்ந்து பேசி வெச்சுக்கோங்க, "உடம்பு சரியில்ல, இப்ப பரவால்ல"ன்னா கூட போதும். அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தேதிய அன்னைக்கே வாங்கிடுங்க.