நாய் துரத்தினால் இறங்குங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. நாய் துரத்தினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்துத் தப்பிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வேகத்தைக் குறைத்து இறங்கிவிட வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. பல நாள்களில் அதில் நான் மட்டும்தான் இருப்பேன். அரசாங்க கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நாய் கடித்தவர்களுக்கும் மருந்து கட்டியிருக்கிறேன், நாய்க்குப் பயந்து கால்வாயில் விழுந்தவர்களுக்கும் கட்டியிருக்கிறேன். விழுந்தவர்கள் வந்த கோலம்தான் எப்போதும் மோசம். கடி என்றால் பெரும்பாலும் கெண்டைக்காலில் பல் தடம். விழுந்தால் காறை எலும்பு, முழங்கை, முகவாய், முன்பல். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தால் அதைப்பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே கடியைவிட விழுவதற்குப் பயப்படுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில், நாய் எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். நிபோங் தெபாலிலிருந்து ஜாவி, சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் என்று தோட்டத்து உள்சாலைகளில் வந்தால் லயத்து வீட்டு நாய்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் நாய்கள். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர் கோவில் இருந்தால் அங்கே பூசாரி கையால் சோறு தின்று வளர்ந்த இரண்டு மூன்று நாய்கள் இருக்கும். அவை கோவில் திடல் முழுவதையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டவை. கோழிப்பண்ணை, இறால் குளம், பழைய இரும்புக் கடை, இவற்றின் வாசலில் இருப்பவை காவலுக்கென்றே வளர்க்கப்படுபவை. பெர்ரியில் சைக்கிளை ஏற்றிப் பினாங்குத் தீவுக்குப் போய் பாலிக் பூலாவ் சுற்றுகிறவர்களுக்கு டுரியான் தோப்பு நாய்கள். பழம் விழும் பருவத்தில் இரவெல்லாம் அவிழ்த்துவிட்டிருப்பார்கள்; காலையில் தோப்புக்காரர் எழுந்து கட்டும்வரை சாலையும் அவற்றின் தோப்புதான். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஏற்றத்தில் நீங்கள் நடக்கிற வேகத்தில்தான் போவீர்கள், ஆபத்து குறைவு. இறக்கத்தில் வளைவைத் தாண்டி ஒரு பழக்கடை, அதன் முன்னால் படுத்திருக்கும் நாய் திடீரென்று எழுந்தால் பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. கடைகள் இருக்கும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

நேரமும் ஒரு காரணம். நம் ஊரில் விடிவதே ஏழு மணிக்கு மேல். வெயிலுக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்று ஆறரைக்கே கிளம்புகிறோம். நாய்கள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த அரையிருட்டில்தான். பகல் பன்னிரண்டுக்கு அதே நாயைத் தாண்டிப் போனால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். புதிய பாதையாக இருந்தால் முதல் தடவை எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். எந்த வீட்டில் எத்தனை, எந்தப் பாலத்தோடு அவற்றின் எல்லை முடிகிறது என்பதெல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

இனி, துரத்தல். சுங்கை பாக்காப் பக்கத்து லயம் ஒன்றில் செவலை நாய் இருக்கிறது, இடது காது கிழிந்தது. அது துரத்துவதை நின்று கவனித்திருக்கிறேன். வாசற்படியை விட்டு இறங்கும்போது குரைக்காது. தலையைத் தாழ்த்தி, வாலை விறைப்பாக நிறுத்தி, சைக்கிள் இருக்கும் இடத்தைப் பார்க்காமல், இன்னும் சில விநாடிகளில் சைக்கிள் வந்து சேரப்போகும் இடத்தைப் பார்த்து ஓடும். குறுக்கே வெட்டி முன்சக்கரத்தருகே வந்து சேர்ந்த பிறகுதான் குரைப்பு. மிதிக்கிறவர் அந்த நொடியில் இன்னும் அழுத்தி மிதித்தால் அதன் ஓட்டமும் கூடும். சட்டென்று வலப்பக்கம் ஒடித்தால் சாலையின் நடுவில் இருப்பார். காலை ஓங்கி உதைத்தால் ஒற்றைக் காலில் சைக்கிளைத் தாங்க வேண்டியிருக்கும், முன்சக்கரம் நாயின் மேல் ஏறும். மூன்றும் வேண்டாம்.

வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அது கணக்குப் போட்டு வைத்த இடத்துக்கு நாய் வந்துவிடுகிறது, சைக்கிள் வரவில்லை. செவலை அப்போது நிற்கும். திரும்பிப் பார்க்கும். குரைப்பில் பாதி குறைந்துவிடும். இந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டியது.

மிதிப்பதை நிறுத்துங்கள், சுழலும் கால்கள்தான் அதன் கண்ணை இழுப்பவை. விரல்கள் இரண்டு பிரேக்கிலும் இருக்கட்டும், கைப்பிடி நேராக இருக்கட்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணி அணிகிறவர்கள், நாய் வீட்டை நெருங்கும் முன்பே ஒரு காலை விடுவித்துக்கொள்ள வேண்டும். நாய் பக்கத்தில் வந்த பிறகு அந்தப் பூட்டு திறக்காது, பதற்றத்தில் யாருக்கும் திறந்ததில்லை. பின்னால் வண்டி வருகிறதா என்று ஒரு பார்வை. பிறகு நாய் இல்லாத பக்கமாக இறங்குங்கள். இப்போது உங்களுக்கும் அதற்கும் நடுவில் சைக்கிள் இருக்கிறது. நாய் சுற்றி வந்தால் சைக்கிளையும் சுற்றிக்கொண்டே வாருங்கள். முகத்துக்கு நேராக முறைக்க வேண்டாம், முதுகையும் காட்ட வேண்டாம். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, ஓரக்கண்ணால் பார்த்தபடி, தணிந்த கட்டைக்குரலில் 'போ' என்று சொல்லிக்கொண்டே நடங்கள். மலாயில் சொன்னாலும் சரி, ஹொக்கியனில் சொன்னாலும் சரி, கீச்சுக்குரலில் கத்தாமல் இருந்தால் போதும். நடை மெதுவாக இருக்கட்டும். அதன் எல்லை ஒரு மதகாகவோ வேலியாகவோ இருக்கும். அந்த இடம் வந்ததும் கடமை முடிந்த காவலாளியைப் போல நின்றுவிடும். நீங்கள் உடனே ஏறி மிதித்துவிட வேண்டாம். இன்னும் இருபது முப்பது அடி நடந்த பிறகு ஏறுங்கள்.

மிதித்துத் தப்பிக்கும் கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் விட்டுவைக்கிறேன். நாய் ஏற்கெனவே உங்களுக்குப் பின்னால் இருந்து, சாலை நேராகவும் காலியாகவும் இருந்தால் போய்விடலாம், அதன் எல்லை விரைவில் முடிந்துவிடும். நாய் முன்னாலோ பக்கத்திலோ இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். குறுகிய தூரத்துக்குச் சாதாரண நாட்டு நாய்கூட நம்மில் பலரை முந்திவிடும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பதை நம்பியவர்களுக்கும் நான் ஊசி போட்டிருக்கிறேன். பழமொழியில் பாதி உண்மைதான். வால் தளர்ந்து ஆட, உடம்பு நெளிய, உயர்ந்த குரலில் குரைத்தபடி கூடவே ஓடிவரும் நாய்க்கு விளையாட்டு. பெரும்பாலும் இளம் நாயாக இருக்கும். சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து வருவதுதான் கவனிக்க வேண்டியது. மடி தொங்கும் பெட்டை நாய் எதுவானாலும் குட்டிகள் அருகில் இருக்கின்றன என்று பொருள். அதனிடம் வீரம் காட்டாமல், வந்த வழியே நடந்து திரும்பி, சில வாரங்களுக்கு வேறு சாலையைப் பயன்படுத்துங்கள். கூட்டமாக வந்தால் செம்பனை மரமோ சுவரோ பார்த்து முதுகைக் கொடுத்து நில்லுங்கள், பின்னால் வர விடாதீர்கள். ஒருவேளை விழுந்துவிட்டால், சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பது நல்லது. தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

கையில் என்ன வைத்துக்கொள்வது என்று கேட்பவர்கள் அதிகம். தண்ணீர்ப் போத்தல் போதும். மூக்கின் மேல் பீய்ச்சி அடித்தால் பல நாய்கள் தும்மிவிட்டு விலகும். வெறும் தண்ணீராக இருக்கட்டும். 100 பிளஸ் போன்ற இனிப்புப் பானத்தை ஒரு பிராணியின் கண்ணில் அடிக்க வேண்டாம், உங்களுக்கும் குடிக்க வேண்டும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது தார்ச்சாலையில் அப்படியே பலிக்கும். ஆனால் கல் தேவையில்லை. குனிந்து எடுப்பதுபோல் கையைக் கொண்டுபோனாலே நம் நாட்டு நாய்களில் பெரும்பாலானவை பத்தடி பின்வாங்கும், அத்தனை கல்லடி பட்டவை. நிஜமாக எறியாதீர்கள். சைக்கிளில் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கை வதைத்தால் அபராதம் 20,000 ரிங்கிட்டில்தான் தொடங்குகிறது, 100,000 வரை போகலாம், மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிஸ்கட் போடுவதும் எனக்குப் பிடிக்காத யோசனை. சைக்கிள் வந்தால் தீனி வரும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். அடுத்த சைக்கிளில் வருகிற பள்ளிப் பையனிடம் பிஸ்கட் இருக்காது.

கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் நாயை எழுப்புவார், கடி பின்னால் வருகிறவருக்கு. அதனால் பார்த்தவர் 'நாய், இடது' என்று உரக்கச் சொல்ல வேண்டும், யாரும் திடீர் பிரேக் போடக்கூடாது, எல்லோருமாகச் சேர்ந்து மெதுவாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் மலாய் நண்பர்களும் உண்டு. நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் நெறி. கடிக்காமல் நக்கிவிட்டாலே அவர்களுக்குச் சிரமம். நாய் இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் அவர்களை விட்டு நாங்கள் இப்பக்கம் வருவோம். பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே பழகிவிட்டது.

அடிக்கடி போகும் பாதையில் இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, நாயின் சொந்தக்காரரிடம் பேசுவது. மாலையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். 'கடிக்கப் பார்த்தது' என்று ஆரம்பித்தால் 'எங்கள் நாய் அப்படிச் செய்யாது' என்ற பதில் தயாராக இருக்கும். செவலையின் வீட்டில் நான் 'இதன் பெயர் என்ன?' என்றுதான் கேட்டேன். அந்த அம்மா 'மணி' என்று சொல்லி, அதைக் கூப்பிட்டு, என் கையை முகர வைத்து, 'மிஸ்ஸிம்மா வந்தால் குரைக்கக் கூடாது' என்று அதற்கு ஒரு கண்டிப்பும் கொடுத்தார். மிஸ்ஸி என்றால் இங்கே தாதி. மணி இப்போதும் ஓடி வருகிறது. பெயரைச் சொன்னதும் நின்றுவிடுகிறது. பேசியும் கேட்காதவர், கடிக்கிற நாயைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துவிடுகிறவர் என்றால் மாநகர் மன்றத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நாய் வளர்க்க உரிமம் வேண்டும். புகாரில் தேதி, நேரம், வீட்டு எண், முடிந்தால் படம் இருக்கட்டும். ஆனால் புகார் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நாயைத்தான் பிடிப்பார்கள் என்பதையும் யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

கடித்துவிட்டது என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பக்கத்து வீட்டிலோ கோப்பிக் கடையிலோ குழாயும் சவர்க்காரமும் கேளுங்கள். ஓடுகிற தண்ணீரில், சவர்க்கார நுரையோடு, முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். இவை எல்லாவற்றையும் காயத்திலிருந்து சுரண்டி எடுத்த கை இது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

வெறிநாய்க்கடி நோய் நம் பக்கம் இல்லை என்று சொல்பவர்களுக்கு 2015 மறந்துவிட்டது. அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நாய்களிடையே அது கண்டுபிடிக்கப்பட்டது. 2017 முதல் சரவாக்கில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் நோயே வராமல் தடுத்துவிடலாம். காயமில்லாத தோலில் நக்கினால் கழுவினால் போதும். இரத்தம் வராத கீறலாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், தடுப்பூசி தேவைப்படலாம். பல் ஆழமாகப் பதிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார், யோசித்துவிட்டுப் போங்கள்.

நாய்க்குச் சொந்தக்காரர் இருந்தால் அதைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். கால்நடைச் சேவைத் துறைக்கும் தெரியப்படுத்துங்கள். கோபத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க நாய் இருக்காது. பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை என்று கொள்ளலாம், மீதி ஊசிகளை மருத்துவர் நிறுத்தவும் கூடும். அவர் நிறுத்தச் சொல்லாதவரை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அட்டையில் தேதி எழுதித் தருவார்கள். ஏழாம் நாளுக்குப் பிறகு காயம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, சைக்கிளிலும் ஏறியிருப்பீர்கள். அடுத்த ஊசிக்குப் போகாமல் விடுகிறவர்கள் அங்கேதான் விடுகிறார்கள். அட்டையை சைக்கிள் தலைக்கவசத்தோடு சேர்த்து மாட்டி வையுங்கள்.