வெள்ளி மாலை ஒரு தொகுப்பு: வார இறுதி வாசிப்பை நீங்களே இதழாக்கும் முறை

கிழமை முழுக்க "பிறகு வாசிக்கலாம்" என்று சேர்த்துவைத்த இணைப்புகள் ஞாயிறு இரவிலும் அப்படியே கிடக்கின்றனவா? சோம்பலைக் குறைசொல்ல வேண்டாம். ஞாயிறுப் பத்திரிகையை வீட்டில் எல்லோரும் ஒருவாறு வாசித்து முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. போனில் திறந்து கிடக்கும் நாற்பது டேப்களுக்கு அது இல்லை. தொழில்நுட்பம், பண்பாடு, அன்றாட வாழ்க்கை மூன்றையும் கலந்து, கடைசிப் பக்கம் உள்ள ஓர் இதழை வெள்ளிக்கிழமை மாலை நீங்களே செய்துகொள்வதற்கான வழி இது.

தேவையானவை: ஒரு கணினி, அதில் கலிபர் என்ற இலவச மென்பொருள், வாசிக்க ஒரு போன் அல்லது கின்டில் போன்ற மின்வாசிப்பான். முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். பிறகு கிழமைக்கு இருபது நிமிடம் போதும்.

படி 1: எவ்வளவு வாசிப்பீர்கள் என்று அளந்துகொள்ளுங்கள்

ஒரு தமிழ்க் கட்டுரையை எடுத்து, போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, வழக்கமான வேகத்தில் வாசியுங்கள். வாசித்த பகுதியைக் கூகுள் டொக்ஸில் ஒட்டிச் சொல் எண்ணிக்கையைப் பார்த்துப் பத்தால் வகுத்தால் உங்கள் வேகம் கிடைக்கும்.

நிமிடத்துக்கு 120 சொல் என்று வைத்துக்கொள்வோம். சனி 90 நிமிடம், ஞாயிறு 60 நிமிடம் ஒதுக்கினால் 18,000 சொற்கள். அதை அப்படியே நம்பி நிரப்பாதீர்கள். விருந்தாளி வருவார், கரண்ட் போகும், பிள்ளைக்கு ரியூஷன் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 12,000 சொல், போதும். நீளமானவை இரண்டு (3,000 வீதம்), நடுத்தரம் மூன்று (1,500 வீதம்), சிறியவை மூன்று (500 வீதம்) சேர்த்தால் கணக்குச் சரி. வெள்ளியோ திங்களோ போயா விடுமுறை விழுந்தால் இன்னொரு நீளமான கட்டுரையைச் சேர்க்கலாம்.

படி 2: எங்கிருந்து எடுப்பது

தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மூலங்களுக்கு மேல் வேண்டாம். ஐம்பது தளங்களோடு தொடங்குபவர்கள் மூன்றாவது கிழமையில் விட்டுவிடுகிறார்கள்.

தொழில்நுட்பத்துக்குத் தமிழில் 2012 முதல் வரும் கணியம் இணைய இதழ் நல்ல தொடக்கம்; கட்டற்ற மென்பொருள் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறார்கள். தெரிவு செய்யும்போது ஒரு சோதனை: கட்டுரை விலையையும் மென்பொருள் பதிப்பையும் பற்றியதா, ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியதா? முதலாவது ஆறு மாதத்தில் பழசாகும், திகதியைப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. இரண்டாவது பத்து வருடம் கழித்தும் வாசிக்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பைத் தமிழ்க் கட்டுரை என்று போடும் தளங்களும் நிறைய. ஒவ்வொரு வசனமும் "ஆகும்" என்றே முடிந்து, ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் மூடிவிடுங்கள். ஆங்கில மூலத்தையே வாசிப்பது நேரத்துக்கு லாபம்.

பண்பாட்டுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு ஈடு வேறில்லை. ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எல்லாம் இலவசம். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ் ஒன்று ஒரு சனிக்கிழமைக்குப் போதும். நினைவு மலர்களைத் தவிர்க்காதீர்கள். இறந்தவரைப் பற்றிய புகழுரை என்று பலர் கடந்துபோவார்கள். ஓர் ஊரின் கோயில், பள்ளிக்கூடம், தொழில் பற்றிய விபரம் வேறெங்கும் எழுதப்படாமல் அங்கே மட்டும் இருக்கும்.

அன்றாட வாழ்க்கைக்குக் காகிதமே முதலிடம். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. ஏதாவது ஒன்றின் ஞாயிறு இதழை வாங்கினால் சிறியவை மூன்றும் அதிலேயே கிடைத்துவிடும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடந்து போகும் தூரம். விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம். பொது விடுமுறை நாளென்றால் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நம்மவர்கள் பலர் நல்லதை எழுதுவது முகநூலில்தான். அங்கே "சேவ்" அழுத்தினால் இணைப்பு மட்டுமே சேமிக்கப்படும். எழுதியவர் பதிவை நீக்கினாலோ, பார்ப்பவர் வட்டத்தைச் சுருக்கினாலோ உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. நீளமான பதிவென்றால் எழுத்தைப் பிரதியெடுத்து, எழுதியவர் பெயரும் திகதியும் சேர்த்து ஒரு கோப்பில் ஒட்டுங்கள். இணைப்பைச் சேமிக்கும் சேவைகளும் நிரந்தரம் இல்லை. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, பொக்கெட் 2025 ஜூலையில். கோப்பாக இருந்தால் யார் கடையை மூடினாலும் உங்களிடம் இருக்கும்.

படி 3: கலிபரில் உங்கள் இதழை அமைத்தல்

கலிபரைப் பலர் மின்நூல் மாற்றுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். தளங்களின் ஓடையை, அதாவது புதிய பதிவுகளின் பட்டியலைத் தரும் ஆர்எஸ்எஸ் முகவரியை, எடுத்து உள்ளடக்கப் பட்டியலோடு ஒரே ஈபப் (மின்நூல் வடிவம்) கோப்பாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

முதலில் ஓடை முகவரி. வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்திலும் சேர்த்துத் திறந்து பாருங்கள். குறியீடுகள் நிறைந்த பக்கம் வந்தால் அதுதான் ஓடை. "பக்கம் இல்லை" என்று வந்தால் தளத்தின் அடியில் ஆரஞ்சு நிற அலைக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி கலிபரில்:

1. மேலே உள்ள 'ஃபெட்ச் நியூஸ்' பொத்தானுக்குப் பக்கத்து அம்பை அழுத்தி, சொந்தச் செய்தி மூலம் சேர்க்கும் வரியைத் தெரிவுசெய்யுங்கள்.
2. 'நியூ ரெசிப்பி' (இதழுக்கான அமைப்பைக் கலிபர் ரெசிப்பி என்கிறது) அழுத்தி இதழுக்கு ஒரு பெயர் வையுங்கள்.
3. மிகப் பழைய கட்டுரையின் வயது 7 நாள் என்றே இருக்கட்டும். ஓர் ஓடைக்கு அதிகபட்சம் 100 கட்டுரை என்றிருக்கும். அதை 5 ஆக்குங்கள். இதை மறந்தால் நிமிடக்கணக்கில் இறங்கி, நானூறு பக்க மூட்டையொன்று வந்து சேரும்.
4. ஒவ்வோர் ஓடைக்கும் தலைப்பும் முகவரியும் கொடுத்துச் சேர்த்து, கடைசியில் சேமியுங்கள். தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம், அதுவே பகுதித் தலைப்பாக வரும்.
5. மீண்டும் 'ஃபெட்ச் நியூஸ்' திறந்து, 'கஸ்டம்' பகுதியில் உங்கள் இதழைத் தெரிந்து, வெள்ளிக்கிழமை மாலை 6 மணி என்று நேரம் குறியுங்கள். முதல் தடவை 'டவுன்லோட் நவ்' அழுத்திச் சோதித்துவிடுவது நல்லது.

குறித்த நேரத்தில் கணினி ஓடிக்கொண்டும் கலிபர் திறந்தும் இருக்கவேண்டும். மடிக்கணினியை மூடிவிட்டு "வரவில்லையே" என்பது முதல் கிழமையில் வழக்கமாக நடப்பது. இதழ் வந்து ஒரு பகுதி மட்டும் காலியாக இருந்தால், அந்தத் தளம் ஏழு நாளாக எழுதவில்லை. மாதத்துக்கொரு தடவை எழுதுபவர்களுக்குத் தனி ரெசிப்பி வைத்து வயதை 31 நாளாக்குங்கள். கடவுச்சொல் கேட்கும் கட்டுரைகளில் முதல் பத்தி மட்டுமே வரும்.

போனுக்கு மாற்ற எளிய வழி: ஈபப் கோப்பை வாட்ஸ்அப்பில் 'டொக்கியூமென்ட்' ஆக உங்களுக்கே அனுப்புங்கள். அன்ட்ரொய்டில் ரீட்இரா செயலி, ஐபோனில் அதனுடனேயே வரும் புக்ஸ் திறந்துவிடும். கின்டிலுக்கு 'சென்ட் டு கின்டில்' வழியே ஈபப்பாகவே அனுப்பலாம்; பழைய மொபி வடிவத்தை அந்த வழி இப்போது ஏற்பதில்லை.

படி 4: தமிழ் எழுத்து குழம்பும் இடங்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. நமக்கு இதில்தான் பாதி நேரம் போகும்.

பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் வாசிப்பானில் தமிழ் எழுத்துரு இல்லை. கலிபரில் மாற்றும்போது 'லுக் அன்ட் ஃபீல்' பகுதியில், எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் இடத்தில் நோட்டோ செரிஃப் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். கின்டிலில் எழுத்துரு வரிசையில் 'பப்ளிஷர் ஃபொன்ட்' தெரிவுசெய்தால்தான் அது வேலை செய்யும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த அர்த்தமில்லாத வரிகள் வந்தால், மூலம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்துவைத்தவை. எழுத்துருவை நீக்கினால் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வரும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வேர்ட்டரிலோ ஒட்டி, பாமினியிலிருந்து இன்றைய பொது எழுத்துமுறையான யுனிகோடுக்கு மாற்றுங்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பும், அவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும்.

மூன்றாவது குழப்பம் நுட்பமானது. உலாவியிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்த தமிழ்க் கட்டுரை கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, பிரதியெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி ஒட்டும். 'கெ' என்பதில் யுனிகோடு ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. கண்ணுக்குக் கொம்புதான் முன்னே. பிடிஎஃப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே வைத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல். ஆகவே தமிழுக்கு ஈபப் அல்லது இணையப் பக்கமாகவே சேமியுங்கள். அதில் இடமும் குறைவு: யுனிகோடில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட், மொத்தம் 15. பெரும்பாலான சொற்கள் இதைவிட நீளம் என்றாலும், 1,500 சொல் கட்டுரையின் எழுத்து ஏறக்குறைய ஐம்பது கிலோபைட்தான். டேட்டாவை விழுங்குவது படங்களும் விளம்பரங்களும்.

படி 5: ஸ்கேன் செய்த பக்கங்கள்

நூலகம் தளத்தில் கிடைக்கும் பிடிஎஃப்கள் பெரும்பாலும் பக்கத்தின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் அவற்றில் பயன்படாது. ஏஃபோர் பக்கத்தின் அகலம் 210 மில்லிமீற்றர், ஆறு அங்குல வாசிப்பானின் திரை அகலம் ஏறக்குறைய 90. பன்னிரண்டு புள்ளி எழுத்து ஐந்து புள்ளியாகச் சுருங்கிவிடும், கண் போய்விடும். கருவியைக் கிடையாகத் திருப்பினால் ஏழு புள்ளி. திருப்புவதோடு பக்க ஓரங்களையும் இருபுறமும் 25 மில்லிமீற்றர் வெட்டினால் ஒன்பது, அது வாசிக்கலாம். ஓரம் வெட்டும் வசதி ரீட்இராவிலும் உண்டு. அதுவும் போதாவிட்டால் கணினியில் பெரிய திரையில் வாசிப்பதே மேல், மல்லுக்கட்ட வேண்டாம். கோப்புகள் பாரமானவை என்பதால் வீட்டு வைஃபையில் இறக்குங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு இறக்கத் தொடங்கினால் பாதியில் அறும்.

படி 6: வெள்ளி இரவு இருபது நிமிடம்

இதழ் வந்துவிட்டது, அதில் முப்பது கட்டுரை இருக்கும். தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும் பார்த்து, எட்டின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் வரிசையாக எழுதுங்கள். மற்றவற்றைத் திறக்காதீர்கள். மூளை புதிதாக இருக்கும் சனி காலையில் நீளமான தொழில்நுட்பக் கட்டுரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அது உள்ளே இறங்காது, அந்த நேரத்துக்குப் பண்பாட்டுக் கட்டுரை அல்லது பழைய இதழ். ஞாயிறு தேநீரோடு பத்திரிகை. ஞாயிறு இரவு மிச்சமானவற்றில் ஒன்றை மட்டும் அடுத்த கிழமைக்குக் கொண்டுபோகலாம், மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

வீட்டில் திரையில் வாசிக்காத பெரியவர்கள் இருந்தால்

தெரிந்தெடுத்த இரண்டு மூன்று கட்டுரைகளைக் கலிபரில் பிடிஎஃப் ஆக்குங்கள்: பக்க அளவு ஏஃபைவ், எழுத்து 14 புள்ளி. அடொபி ரீடரின் அச்சுப் பகுதியில் 'புக்லெட்' தெரிவுசெய்தால் ஒரு ஏஃபோர் தாளில் நான்கு பக்கம் விழும். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள் போதும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் வரும், அது பரவாயில்லை. போட்டோகொப்பிக் கடையில் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் அடிக்கவேண்டும், தாளைக் குறுகிய ஓரத்தில் புரட்டவேண்டும் என்று சொல்லுங்கள். நீண்ட ஓரத்தில் புரட்டினால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். முதலில் ஒரு தாளை மட்டும் அடித்து, மடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் குத்துவதற்கு நீளக்கை ஸ்டேப்ளர் வேண்டும். கடையில் அது இல்லையென்றால் ஊசிநூலால் மூன்று தையல் போதும்.