பால் கட்டிக் காய்ச்சலும் வந்தால்: அழுத்திப் பிழிவதை முதலில் நிறுத்துங்கள்

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு வீங்கி வலிக்கும் மார்பு அழற்சி (மாஸ்டைட்டிஸ்) வந்தால் கையைக் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, முடிந்தபோது படுத்து ஓய்வெடுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு. அவற்றில் சிலவற்றை ஒரு காலத்தில் தாய்ப்பால் ஆலோசனை சொல்கிற நாங்களே சரியான சிகிச்சை என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பழைய பாடம் இன்னும் வாய்மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மார்பு அழற்சி பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களுக்குள் வருகிறது. மார்பின் ஒரு பகுதி கல் மாதிரி இறுகி, சூடாகி, தொட்டாலே வலிக்கும். பிறகு குளிர், நடுக்கம், உடல்வலி, 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல். நிறம் குறைந்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கருத்த தோலில் தெரியாமலே போகலாம். அங்கே சூட்டையும், தோல் இழுத்துப் பிடித்ததுபோல் மினுமினுப்பதையும் கவனிக்க வேண்டும்.

கட்டியை அழுத்திக் கரைக்கப் பார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இதுதான். அதிகச் சேதம் செய்வதும் இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி. குழந்தைக்கு மூன்று வாரம். ஓர் இரவு வழக்கத்துக்கு மாறாக ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிவிடுகிறது. காலையில் எழும்போது ஒரு மார்பின் வெளிப்பக்கம் இறுகிக் கிடக்கிறது. "பால் அடைத்துக்கொண்டது, அழுத்தி எடுத்துவிடு" என்று யாரோ சொல்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்துகிறாள். போதவில்லை என்று சீப்பின் முதுகால் இழுக்கிறாள். அதிர்வு தரும் பல் துலக்கியின் கைப்பிடியை வைத்துப் பார்க்கிறாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம். சாயங்காலம் 39 டிகிரி காய்ச்சல். அப்போதும் அவளுக்குக் கிடைக்கும் பதில், "இன்னும் நன்றாக அழுத்தியிருக்க வேண்டும்" என்பதுதான். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அவ்வளவு வலியைத் தாங்கியவளிடம், தாங்கியது போதாது என்கிறார்கள்.

குழாயில் அழுக்கு அடைத்துக்கொள்வதுபோல் பால் குழலில் ஒரு கட்டி வந்து உட்கார்ந்துகொள்வதாக நினைப்பதால் வருகிற வினை இது. மார்புக்குள் இருப்பது ஒற்றைக் குழாய் அல்ல. பால் சுரக்கும் நுண்ணறைகளிலிருந்து மயிரிழை போன்ற எண்ணற்ற குழல்கள் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, காம்பை நோக்கி வருகின்றன. காம்புக்கு அருகிலுள்ள பெரிய குழலே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம்தான். லேசாக அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். பால் தேங்கி அறைகள் உப்பும்போது அவற்றைச் சுற்றியுள்ள திசுவில் இரத்த ஓட்டம் கூடுகிறது, நிணநீர் சேர்கிறது, திசு வீங்குகிறது. அந்த வீக்கம் வெளியிலிருந்து குழலை நெரிக்கிறது. பால் வராததற்குக் காரணம் உள்ளே இருக்கும் அடைப்பு அல்ல, வெளியே இருக்கும் வீக்கம். உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் வீங்கிய திசுதான்.

வீங்கிய திசுவை அழுத்திப் பிசைந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைகின்றன, தோலுக்கடியில் கன்றிப்போகிறது, வீக்கம் கூடுகிறது, நெரிபட்ட குழல் மேலும் நெரிபடுகிறது. அங்கிருந்து கிருமித்தொற்றுக்கும் சீழ்க்கட்டிக்கும் போகிற தூரம் அதிகமில்லை. சுளுக்கி வீங்கிய கணுக்காலை யாரும் சீப்பின் முதுகால் தேய்ப்பதில்லை. மார்புக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சில சமயம் அழுத்தியதும் நூல் மாதிரி கெட்டியான பால் வெளியே வரும். "பார், அடைப்பு வந்துவிட்டது" என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். தற்காலிகமாக இளகும், மறுநாள் அதே இடத்தில் இன்னும் பெரிதாக இறுகும். தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-ல் வெளியிட்ட நெறிமுறை, அழுத்தி நீவுவதைத் தவிர்க்கும்படி வெளிப்படையாகவே சொல்கிறது. அதிர்வுக் கருவிகளும் அதில் அடக்கம்.

கைக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. வேலை வேறு. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. அவற்றை நகர்த்த, தூங்கும் குழந்தையின் தலையைத் தடவும் அளவு தொடுகை போதும். மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் விரல் நுனிகளால் மெதுவாகப் பத்துச் சின்ன வட்டங்கள். அக்குளில் பத்து. பிறகு காம்பிலிருந்து காறை எலும்பை நோக்கியும் அக்குளை நோக்கியும் லேசாக வருடுங்கள். திசையைக் கவனியுங்கள்: காம்பை நோக்கி அல்ல, காம்பிலிருந்து விலகி. நாம் நகர்த்துவது பாலை அல்ல, வீக்கத்தின் நீரை. வலித்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

மார்பைக் காலி செய்யப் பார்ப்பது

மேலே சொன்ன தவறின் உடன்பிறப்பு. அழற்சி வந்த பக்கத்தை மணிக்கொரு தரம் பம்ப் வைத்து உறிஞ்சி "சொட்டுப் பால் இல்லாமல்" எடுப்பது. சொட்டுப் பால் இல்லாத மார்பு என்று ஒன்று கிடையாது. குழந்தை குடிக்கும்போதே அடுத்த பால் சுரந்துகொண்டிருக்கிறது. எடுக்க எடுக்க, இவ்வளவு தேவைப்படுகிறது என்று உடம்பு புரிந்துகொண்டு இன்னும் சுரக்கிறது. வீங்கி நெரிந்த குழல்களுக்குப் பின்னால் கூடுதல் பால் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

குழந்தை கேட்கும்போது இரு பக்கமும் வழக்கம்போலக் கொடுங்கள். வலிக்கும் பக்கத்துக்குக் கூடுதல் முறையும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். குழந்தை அந்தப் பக்கம் பிடிக்கவே மாட்டேன் என்றால், அது குடித்திருக்கக்கூடிய அளவு மட்டும் கையாலோ பம்பாலோ எடுங்கள்.

ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 முதல் 800 மில்லிலிட்டர் வரை குடிக்கும். உறைபெட்டியில் சேமிக்கலாமே என்று தினமும் அதற்கு மேல் பல நூறு மில்லிலிட்டர் எடுப்பவர்களுக்கு அழற்சி மீண்டும் மீண்டும் வருவதில் ஆச்சரியமில்லை. அதைக் குறைக்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு பம்பிங்கிலும் இரண்டு மூன்று நிமிடம் குறைத்து, சில நாட்கள் அதில் நிலைத்து, மறுபடி குறைக்க வேண்டும்.

பம்பின் புனல் அளவையும் பாருங்கள். காம்பின் குறுக்களவை விடச் சில மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருந்தால் போதும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் அது பெரிய புனல். ஒவ்வொரு இழுப்பிலும் அந்த இடம் வீங்கும். உறிஞ்சு விசையைக் கடைசி அளவில் வைப்பதால் அதிகப் பால் வராது, காம்பில் வெடிப்புதான் வரும். வெடிப்பு கிருமிக்கு வாசல்.

கருவட்டம் இறுகிக் குழந்தையால் பிடிக்க முடியாதபோது பலர் பம்பைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: இரு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, விலா எலும்புகளை நோக்கி உள்வாட்டமாக, வலிக்காத அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வீக்க நீர் பின்னுக்கு நகர்ந்து காம்பைச் சுற்றி மென்மையாகும். உடனே குழந்தையை வையுங்கள். இங்கே அழுத்தத்துக்கு இடம் உண்டு. ஆனால் அழுத்துவது பின்னோக்கி, அசைக்காமல்.

மணிக்கணக்கில் வெந்நீர் ஒத்தடம்

சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கத்தையும் கூட்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். தேவைப்பட்டால் மணிக்கொரு தரம் கூட வைக்கலாம். வெறும் பனிக்கட்டியைத் தோலில் வைக்காதீர்கள்.

பால் கெட்டுவிட்டது என்று கொடுப்பதை நிறுத்துவது

கெடவில்லை. மார்பு அழற்சி உள்ள தாயின் பால், உரிய மாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்குப் பாதுகாப்பானது. அழற்சியின்போது பாலில் சோடியம் கூடுவதால் கொஞ்சம் உப்புக் கரிக்கும். சில குழந்தைகள் அந்தப் பக்கம் முகம் சுளிப்பது அதனால்தான். சில நாட்களில் சரியாகிவிடும். திடீரென்று நிறுத்தினால்தான் ஆபத்து: பால் தேங்கி, சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

மாத்திரையில் இரண்டு பக்கமும் தவறுவது

காய்ச்சல் கண்ட முதல் மணி நேரத்திலேயே ஆன்டிபயாட்டிக் கேட்பவர்கள் ஒரு பக்கம். மூன்று நாள் நடுங்கிக்கொண்டு "பாலுக்கு ஆகாது" என்று எதையும் தொடாதவர்கள் மறுபக்கம்.

காய்ச்சல் இருப்பதாலேயே கிருமித்தொற்று என்று முடிவுகட்ட முடியாது. அழற்சி மட்டுமே காய்ச்சலைக் கொண்டுவரும். உங்கள் பொதுநிலை மோசமில்லை என்றால் முதல் 24 மணி நேரம் குளிர் ஒத்தடமும், வீக்கத்தையும் குறைக்கும் வலி மாத்திரையான ஐபுப்ரூஃபெனும் போதுமா என்று பார்க்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 400 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, உணவுக்குப் பின். பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்காது. அதனால் அதை மட்டும் போட்டுக்கொண்டு "மருந்துக்குக் கேட்கவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. இரண்டுமே பால் கொடுக்கும்போது எடுக்கத் தகுந்தவை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, இந்த வகை வலி மாத்திரைகளால் ஆஸ்துமா கிளம்பும் வழக்கம் இருந்தால் ஐபுப்ரூஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

24 மணி நேரத்தில் இறங்குமுகம் தெரியவில்லை என்றாலோ, சிவப்பு கண்ணெதிரே பரவினாலோ, காம்பில் வெடிப்போடு காய்ச்சலும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் காரணமாக இருக்கும் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதனால்தான் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைப் போட்டுக்கொள்வது வீண். இந்தக் கிருமியின் பெரும்பாலான வகைகள் அந்த மருந்தை முறித்துவிடும். ஃப்ளூக்ளாக்ஸசிலின், செஃபலெக்ஸின் போன்றவற்றை மருத்துவர் எழுதுவார்: பொதுவாக 500 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை, 10 முதல் 14 நாள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நான்காவது வேளைதான் எப்போதும் விட்டுப்போகிறது. இரவில் குழந்தைக்குக் கொடுக்க எழும் நேரத்தோடு அதைச் சேர்த்துவிடுங்கள்.

மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் மாற்றமில்லை என்றால் அதே மருந்தை நீட்டிக்கச் சம்மதிக்காதீர்கள். பாலைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஸ்கேன் எடுக்கவும் கேளுங்கள்.

இதயம் படபடத்து, மூச்சு வேகமாகி, மனம் குழம்பி, சிறுநீர் குறைந்தால் 24 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவு.

காம்பின் வெள்ளைப் புள்ளியை ஊசியால் குத்துவது

குத்தாதீர்கள்.

காய்ச்சல் இறங்கியதும் கட்டியை மறந்துவிடுவது

சீழ்க்கட்டி சில சமயம் இப்படித்தான் ஏமாற்றும். சீழைச் சுற்றிச் சுவர் எழும்பியதும் காய்ச்சல் இறங்கிவிடும். உடம்பு தேறிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் எல்லை தெளிவான கட்டி நிற்கும், தொட்டால் உள்ளே நீர் அசைவதுபோல் இருக்கலாம். சீழ் கட்டிய பிறகு மாத்திரை மட்டும் போதாது. வெளியே எடுத்தாக வேண்டும். ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், மறுபடி சேர்ந்தால் மறுபடி எடுப்பார்கள். பெரிதாக இருந்தால் சிறு துளையிட்டு வடிகுழாய் வைப்பார்கள். குழந்தையின் வாய் படாத இடத்தில் துளை இருந்தால் அதே மார்பில் தொடர்ந்து கொடுக்கலாம். பாலை வற்றவைக்க மாத்திரை போட்டாக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்காமல் போடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அரிதானது, ஆனால் விடக்கூடாதது. முறையான மருந்துக்குப் பிறகும் சிவப்பு மாறாமல், தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாகத் தடித்திருந்தால், அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் அழற்சிக்கும் அப்படித்தான். குழந்தை பிடிக்கும் விதம், புனல் அளவு, பால் அளவு மூன்றையும் சரிபார்த்த பிறகும் அதே இடம் என்றால் ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்காகவோ மேமோகிராமுக்காகவோ பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. உள்ளே போவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக விழும், உங்களுக்கும் வலி குறைவாக இருக்கும்.