மொட்டை போட்டாச்சு, கேக் வெட்டியாச்சு... இனி என்ன பண்றது?

போன மாசம் எங்க பாப்பாக்கு ஒரு வயசு முடிஞ்சுது. ஃபங்ஷனுக்கு ரெண்டு மாசமா ஓடினோம், மண்டபம், பத்திரிக்கை, யார விட்டோம் யார கூப்பிட்டோம்னு ஒரே அலைச்சல். மறுநாள் காலைல எழுந்து பாத்தா அவ டிவி ஸ்டாண்ட புடிச்சு நின்னுகிட்டு ரிமோட்டோட பின் மூடிய கழட்டிட்டு இருக்கா. நேத்து வரைக்கும் கைக்குழந்தைன்னு நெனச்சிட்டு இருந்தோம், இது வேற ஆளு, இந்த ஆளுக்கு நாங்க எதுவுமே ரெடி பண்ணல. உங்க வீட்ல பத்து, பதினோரு மாசத்துல ஒண்ணு இருந்தா நாங்க லேட்டா கத்துகிட்டத இப்பவே பாத்துக்கோங்க.

முதல்ல ஃபங்ஷன முடிச்சிடுறேன், சீக்கிரம். நாங்க பண்ண பெரிய தப்பு மொட்டை, காதுகுத்து, கேக் மூணையும் ஒரே நாள்ல வச்சது. காலைல குலதெய்வம் கோயில்ல மாமா மடியில உக்காந்து அழுதா, அந்த மாமா கண்ணுலயும் தண்ணி, சாயங்காலம் ஏழு மணிக்கு மண்டபம், அது அவ தூங்குற நேரம். கேக் வெட்டும்போது ஆளு அவுட்டு, தூங்குற குழந்தை கைய புடிச்சு நாங்க வெட்டினோம், எல்லா போட்டோலயும் தூக்கம்தான். நட்சத்திரப்படி ஒரு நாள், தேதிப்படி ஒரு நாள்னு எப்படியும் ரெண்டு பிறந்தநாள் வருதுல்ல, அத யூஸ் பண்ணிக்கோங்க. கோயில் வேலை எல்லாம் நட்சத்திரத்தன்னைக்கு, கேக் தேதியன்னைக்கு, அதுவும் காலைல பத்து பதினோரு மணிக்கு, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் வச்சிட்டா குழந்தை சிரிச்ச முகமா இருக்கும். மொட்டைக்கு புது பிளேடு கண்ணு முன்னாடி பிரிக்க சொல்லுங்க. கம்மலோட திருகாணி லூசா இருக்கான்னு தினம் பாருங்க, கழண்டு விழுந்தா நேரா வாய்க்குத்தான் போகும். பலூன் உடைஞ்சா அந்த ரப்பர் துண்ட உடனே பொறுக்கிடணும், அது தொண்டைல ஒட்டிகிட்டா மூச்சே விட முடியாது. ஸ்னோ ஸ்ப்ரே வேணவே வேணாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். சாப்பாடு.

ஒரு வயசு தாண்டினதும் எங்க பாப்பா சாப்பிடுறத பாதியா குறைச்சிட்டா. கிண்ணம் நெறைய பருப்பு சாதம் சாப்பிட்டவ நாலு வாயோட தலைய திருப்பிக்கிறா. என் மாமியார், "மண்டபத்துல எல்லாரும் பாத்த பார்வை மாப்ள, கண்ணு பட்டுடுச்சு"ன்னு உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டாங்க. நானும் வேணாங்கல. ஆனா அன்னைக்கு நைட்டே எடை போட்ட அட்டைய எடுத்து பாத்தேன், பொறந்தப்ப 2.9 கிலோ, இப்ப 8.8. மூணு மடங்கு. முதல் வருஷத்துல பொதுவா எல்லா குழந்தையும் இப்படித்தான் ஏறும், ரெண்டாவது வருஷம் முழுக்க சேத்தே ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ற வேகம் குறையும்போது பசியும் குறையத்தான செய்யும். டாக்டரும் அதத்தான் சொன்னாங்க, எடை கோடு பாட்டுக்கு மேல போயிட்டு இருந்தா விட்டுடுங்கன்னு. அதனால இளைச்சு போச்சு, எலும்பா இருக்குன்னு யாரு சொன்னாலும் அட்டைய பாருங்க, ஆள பாக்காதீங்க. எடை ஏறாம நின்னுட்டாலோ இறங்கினாலோ அது வேற கதை, அப்ப டாக்டர பாக்கணும்.

நாங்க பண்ண இன்னொரு தப்பு, சாதம் சாப்பிடலையேன்னு பால ஏத்தினது. ஒரு வயசுக்கு மேல பசும்பால் குடுக்கலாம், சரிதான், ஆனா ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல போகக்கூடாது. பால் வயித்த ரொப்பிடும், அதுல இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்ல, பால் மட்டுமே குடிச்சு வளர்ற குழந்தை பாக்க கொழு கொழுன்னு இருக்கும், ரத்தம் பாத்தா சோகை. கீரை, பருப்பு, முட்டை மஞ்சக்கரு, முள்ளெடுத்த மீன், ஈரல் சாப்பிடுறவங்கன்னா ஈரல், இது எல்லாம் போன பிறகுதான் பால். தாய்ப்பால் குடுக்குறவங்க நிறுத்த வேண்டியதில்ல, ரெண்டு வயசும் அதுக்கு மேலயும் குடுக்கலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பாட்டில் பழக்கம் இருந்தா இப்பவே டம்ளருக்கு மாத்துங்க, கொட்டும், தொடைக்கணும், வேற வழி இல்ல.

தனியா மசிச்சு ஆக்குறத நிறுத்திட்டு நீங்க சாப்பிடுற இட்லி, சாம்பார், ரசம் சாதத்தையே காரம் உப்பு கம்மியா குடுக்கலாம். கைல எடுத்து சாப்பிட விடுங்க. பாதி மூஞ்சில, பாதி தரைல, மிச்சம் வாய்ல. அரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, போன காட்டி ஊட்டாதீங்க, இத சொல்ற நானே ரெண்டு வாரம் காட்டினவன்தான், நிறுத்த நாலு நாள் அழுகைய தாங்கணும். இந்த வயசுல ஸ்க்ரீனே வேணாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. எங்க ஆத்தா காலத்துல நிலாவ காட்டினாங்க. பழைய பிள்ளைத்தமிழ்ல கூட குழந்தை தளர்நடை போட்டு வர்ற வருகைப் பருவத்துக்கு அடுத்து அம்புலிப் பருவம்தான், நடக்க ஆரம்பிச்ச புள்ளைக்கு மொட்டை மாடிதான் சரின்னு அப்பவே தெரிஞ்சிருக்கு போல. எட்டு மணிக்கு மாடிக்கு தூக்கிட்டு போய் ஊட்டுறோம், அமாவாசை அன்னைக்கு மட்டும் காக்கா தூங்குற கதை.

வேர்க்கடலை, முழு திராட்சை, பொட்டுக்கடலை, பாப்கார்ன் மாதிரி சின்னதா கெட்டியா இருக்கறத முழுசா குடுக்காதீங்க, நாலு வயசு வரைக்கும். திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டுங்க, கடலைய பொடி பண்ணுங்க. தொண்டைல அடைச்சு இரும முடியாம போச்சுன்னா வாய்க்குள்ள குருட்டாம்போக்குல விரல விடாதீங்க, இன்னும் உள்ள தள்ளிடும். முன்னாடி குனிய வச்சு தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு தட்டு, வரலன்னா பின்னாடி இருந்து கட்டி தொப்புளுக்கு மேல உள்ளயும் மேலயுமா அஞ்சு அழுத்து, மாத்தி மாத்தி, கூட இருக்கறவங்க 108க்கு அடிக்கணும். ஒரு வயசுக்கு கீழ இருந்தா வயித்த அழுத்தக்கூடாது, நெஞ்சுலதான். ஒரு தடவ தெரிஞ்சவங்ககிட்ட நேர்ல கத்துக்கோங்க, படிச்சது அந்த நேரத்துக்கு ஞாபகம் வராது.

வீட்ட எப்படி மாத்தறது? நீங்களே முட்டி போட்டு ஒரு ரவுண்டு போங்க. நான் போனேன், சிரிக்காதீங்க, அவ உயரத்துல இருந்து பாத்தாதான் கட்டிலுக்கு அடில கெடந்த ஒத்த ரூபா, பிளக்ல தொங்குற கொசு மருந்து பாட்டில், அடுப்பு மேடைல இருந்து தொங்குற மிக்ஸி வயர் எல்லாம் கண்ல படுது. ரிமோட், பொம்மைல இருக்கற பட்டன் பேட்டரி முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சிடும், சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நம்ம வீடுகள்ல யாரும் யோசிக்காத ஒண்ணு பூஜை ரூம் கற்பூரம், கல்கண்டுன்னு நெனச்சு வாய்ல போட்டா கொஞ்சத்துக்கே ஃபிட்ஸ் வரும். எங்க வீட்ல சாமி படம் கீழ் தட்டுல இருந்தது, இப்ப எல்லா சாமியும் ஒரு தட்டு மேல ஏறிட்டாங்க.

அப்புறம் பாத்ரூம் பக்கெட். இந்த வயசுல தலைதான் கனம், எட்டி பாத்து கவுந்தா திரும்ப எழ முடியாது, ரெண்டு இஞ்ச் தண்ணி போதும், சத்தமே வராது. தண்ணி வராத ஊர்ல பக்கெட்ல புடிச்சு வைக்காம எப்படிங்கன்னு என் வீட்டம்மா கேட்டா, நியாயமான கேள்வி. மூடி போட்ட டிரம்ல மாத்திட்டோம், பாத்ரூம் கதவுக்கு மேல ஒரு தாழ்ப்பாள் அடிச்சோம், 60 ரூபா.

நடைய பத்தி அதிகம் இல்ல. இன்னும் நடக்கலையான்னு கேக்காத ஆள் கிடையாது. எட்டு மாசத்துல நடக்குற புள்ளையும் உண்டு, பதினேழு மாசத்துல நடக்குறதும் நார்மல்தான், 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலன்னா காட்டுங்க. உள்ள உக்கார வச்சு உருட்டுற வாக்கர் வாங்காதீங்க, கனடால 2004லயே விக்கிறதுக்கே தடை போட்டுட்டாங்க, படில உருண்டு அவ்வளவு அடி. திருவிழா கடைல விக்கிற மர நடைவண்டி அப்படி இல்ல, அது குழந்தை தானே நின்னு தானே தள்ளுறது, ஆனா பக்கத்துல ஆள் வேணும். வீட்டுக்குள்ள வெறுங்காலே போதும். கீச் கீச் ஷூ வாங்கி குடுத்த என் மச்சானுக்கு கல்யாணம் ஆகட்டும், பாத்துக்கறேன்.

ஒன்பது மாச ஊசி போட்டதோட அட்டைய பீரோல வச்சிட்டோம், நீங்களும் வச்சிருப்பீங்க. 16லேருந்து 24 மாசத்துக்குள்ள தட்டம்மை ரூபெல்லா ரெண்டாவது டோஸ், முத்தடுப்பு பூஸ்டர், போலியோ, கூடவே வைட்டமின் ஏ இருக்கு, அரசு சுகாதார நிலையத்துல புதன்கிழமைல இலவசமா போடுவாங்க. பூச்சி மாத்திரையும் ஒரு வயசுல இருந்து ஆரம்பம், வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடில குடுப்பாங்க, ரெண்டு வயசு வரைக்கும் பாதி மாத்திரை, நல்லா பொடிச்சு தண்ணில கலந்துதான்.

புடிவாதம் இப்பதான் ஆரம்பம். கத்திரிக்கோல புடுங்கினா தரைல படுத்து நெத்திய மோதுறா. அடிக்கவும் வேணாம், உடனே குடுக்கவும் வேணாம், பக்கத்துல உக்காந்து அழுது முடிக்கிற வரைக்கும் இருங்க, இல்லன்னா ஜன்னல் பக்கம் தூக்கிட்டு போய் நாய காட்டுங்க, எங்களுக்கு பத்துக்கு ஏழு தடவ நாய்தான் காப்பாத்துது. பேச்சு இப்போதைக்கு "தா", "கா", "அத்". அந்த "அத்"துக்கு அத்தை, அப்பா, தண்ணி, அது வேணும்னு நாலு அர்த்தம், விரல் எங்க நீட்டுறான்னு பாத்து "தண்ணி வேணுமா"ன்னு முழுசா சொல்லிட்டு குடுங்க. அந்த விரல் நீட்டுறது முக்கியம், 18 மாசம் ஆகியும் எதையும் சுட்டிக் காட்டல, கூப்பிட்டா திரும்பலன்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

தூக்கம் பகலும் ராத்திரியும் சேத்து 11லேருந்து 14 மணி நேரம் வேணும், பகல்ல ரெண்டு தடவ தூங்கினது கொஞ்ச நாள்ல மதியம் ஒண்ணா சுருங்கும். தூளில எழுந்து நிக்க ஆரம்பிச்சிட்டா தூளிய கழட்டிடுங்க. எங்க பாப்பா பிறந்தநாள் முடிஞ்ச மூணாவது நாள் நின்னுட்டா, தலைகீழா விழாதது அதிர்ஷ்டம். என் வீட்டம்மாவோட பழைய சுங்குடி சேலைதான் தூளி, அன்னைக்கே அவுத்து தொவச்சு மடிச்சு வச்சா. கொக்கி மட்டும் உத்தரத்துல அப்படியே இருக்கு, தரைல பாய்ல தட்டி தூங்க வைக்கும்போது பாப்பா அத பாத்து கை நீட்டி "அத்"துங்கறா.