காசில பாங் குடிச்சு ஓவராயிடுச்சா? கூட இருக்கறவங்க செய்ய வேண்டியது

ஹோலி, சிவராத்திரி டைம்ல காசி பக்கம் போற நம்ம ஆளுங்க தண்டாய் கடைல ஒரு கிளாஸ் வாங்கி குடிச்சிட்டு, ராத்திரி ரூம்ல "எனக்கு என்னமோ ஆகுதுடா"ன்னு கையப் புடிச்சுக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. பால், பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ்னு எல்லாம் அரைச்சு போட்டிருப்பாங்க, உள்ள பாங் (கஞ்சாச் செடியோட இலைய அரைச்ச விழுது) இருக்கறது நாக்குக்கு சரியா தெரியாது. அங்க லைசென்ஸ் எடுத்த கடையே இருக்கு, ஏன்னா 1985ல வந்த என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது பூ நுனிய, சரஸ்னு சொல்றது பிசின, பூ சேராத வெறும் இலை அதுல வராது, அத அந்தந்த ஸ்டேட் பாத்துக்கும். அதுக்காக ஊருக்கு பார்சல் கட்டிடாதீங்க, எல்லா ஸ்டேட்லயும் ஒரே ரூல் கிடையாது.

மொதல்ல கேக்க வேண்டியது, எத்தன மணிக்கு குடிச்ச, எத்தன கிளாஸ், கூட பாங் உருண்டையும் தின்னியா, சரக்கு போட்டியா. டைம் ஏன் முக்கியம்னா, புகையா இழுத்தா சில நிமிஷத்துல ஏறிடும், வயித்துக்குள்ள போனா அப்படி இல்ல. குடல்ல உறிஞ்சி ஈரலுக்கு போய், அங்க டிஹெச்சி (கஞ்சால போதை ஏத்தற பொருள்) கொஞ்சம் உருமாறி 11-ஹைட்ராக்ஸி-டிஹெச்சின்னு ஒண்ணா ஆகுது, அதுவும் மூளைக்குள்ள நல்லாவே ஏறும். ஆரம்பிக்க அரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம், உச்சத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம், எறங்க ஆறு எட்டு மணி நேரம், சிலருக்கு அதுக்கும் மேல. "ஒண்ணுமே ஏறலயே"ன்னு ரெண்டாவது கிளாஸ் அடிக்கறாங்க பாருங்க, மாட்டிக்கறவங்கள்ல நெறைய பேர் அவங்கதான்.

இத அப்படியே எழுதி வச்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, ஓஷானெசி, ஐரிஷ்காரர், கல்கத்தா மெடிக்கல் காலேஜ்ல இருந்தவர். 1839ல அவர் சொன்ன ஒரு கேஸ்: மூட்டுவலிக்காரருக்கு மத்தியானம் 2 மணிக்கு ஒரு கிரெயின் (65 மில்லிகிராம் மாதிரி) கஞ்சா பிசின் குடுத்தாங்க. 4 மணிக்கு ஆளு பாட்டு பாடறாரு, இன்னும் சாப்பாடு கொண்டான்னு சத்தம் போடறாரு. 6 மணிக்கு தூக்கம். 8 மணிக்கு எழுப்பினா எழல, கையத் தூக்கி விட்டா விட்ட எடத்துலயே நிக்குது, ஆனா மூச்சு, நாடி ரெண்டும் சீரா இருக்கு. நடுராத்திரி தாண்டி 1 மணிக்குத்தான் நெனவு வந்துச்சு. உள்ள இருக்கற டிஹெச்சிய இஸ்ரேல் ஆராய்ச்சியாளருங்க மெக்கூலமும் கவோனியும் பிரிச்செடுத்தது 1964லதான், அது மூளைல போய் ஒட்டற எடமான சிபி1 ரிசெப்டரோட ஜீன் கைக்கு சிக்கினது 1990ல. மூச்ச ஓட்டற மூளைத்தண்டு பகுதில அந்த ரிசெப்டர் ரொம்ப கம்மி, அதனாலதான் பெரியவங்களுக்கு அபின் மாதிரி மூச்சு நின்னு போறதில்ல.

சோ, செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. சத்தம் இல்லாத ரூம், மங்கலான லைட், தெரிஞ்ச மொகம் ஒண்ணு பக்கத்துல. நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாய் காஞ்சு போகும், அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமா தெரியும், சாகப்போறோம்னு பயம் வரும், "இது பாங் பண்றது, இத்தன மணிக்கு எறங்கிடும்"னு கடிகாரத்த காட்டி திரும்பத் திரும்ப சொல்லுங்க. சட்டுனு எந்திரிச்சா பிரஷர் எறங்கி விழுந்துடுவாங்க, பாத்ரூம் போனா கூடவே போங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. தூங்கினா ஒருக்களிச்சு படுக்க வச்சு அப்பப்ப எழுப்பிப் பாருங்க. எலுமிச்ச, ஊறுகா எல்லாம் அங்க உள்ளவங்க குடுப்பாங்க, நல்லா முழிச்சிருந்தா குடுங்க, ஆனா அத நம்பி உக்காந்திருக்க வேணாம். வாந்தி எடுக்க வைக்கறது, தூக்க மாத்திரை, "ஒரு பீர் போட்டா சரியாயிடும்"ங்கற அட்வைஸ், இது மூணும் கூடவே கூடாது.

நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்பியும் எழாம இருக்கறது, மூச்சுல தடுமாற்றம் இருந்தா யோசிக்காம 108க்கு போடுங்க. ஹார்ட் பேஷண்ட், கர்ப்பிணி, ஏற்கனவே மனநல பிரச்சன உள்ளவங்கன்னா கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. குழந்தை தெரியாம குடிச்சிட்டா அறிகுறிக்கு வெயிட் பண்ணாதீங்க, பெரியவங்களுக்கு சொன்ன மூச்சு கணக்கு குழந்தைக்கு பொருந்தாது. இன்னொண்ணு, பாங்ல ஊமத்தை கலக்கற பழக்கம் ரொம்ப காலமா உண்டு. கண்ணு பாப்பா அகலமா விரிஞ்சு, தோல் காஞ்சு சூடா, ஒண்ணுக்கு போக முடியாம, காத்துல எதையோ பிடிக்கற மாதிரி கைய ஆட்டிட்டு பேத்தினா அது பாங் வேலை மட்டும் இல்ல, உடனே ஆஸ்பத்திரி. அங்க என்ன குடிச்சாங்கன்னு மறைக்காம சொல்லுங்க, இல்லன்னா டாக்டர் வேற எதையோ தேடி டைம் போயிடும்.

மறுநாள் காலைல தெளிவா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் அன்னிக்கு வண்டி சாவிய குடுக்காதீங்க. வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் இருக்குன்னா, டிஹெச்சி கொழுப்புல போய் ஒட்டிக்கற சாமான், ஒரு தடவ குடிச்சதுக்கே யூரின்ல சில நாள் காட்டும், தெனம் போடறவங்களுக்கு வாரக்கணக்குல.