ஆத்தையும் மீனையும் காப்பாத்த உங்க ஊர்ல ஒரு குழு ஆரம்பிக்கிறது எப்படி

பேரு, லோகோ, டீஷர்ட் எல்லாம் அப்புறம். முதல்ல ஆத்துல ஒரு துண்டைப் பிடிங்க. தாமிரபரணி பொதிகை மலையில இருந்து புன்னக்காயல் வரைக்கும் கிட்டத்தட்ட 128 கிலோமீட்டர், அதை மொத்தமா காப்பாத்துறேன்னு கிளம்புனா சீக்கிரமே ஓய்ஞ்சு போயிருவீங்க, உங்க ஊர் படித்துறையில இருந்து அடுத்த அணைக்கட்டு வரைக்கும் போதும்.

அடுத்து அங்க வலை வீசுற அண்ணாச்சிங்க கூட போய் உக்காருங்க. முன்னாடி என்ன மீன் வந்துச்சு, இப்ப என்ன வருது, எப்ப சினையோட ஏறும்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, பிடிச்ச மீனை போட்டோ எடுத்து தேதியும் இடமும் போட்டு வைங்க. டாக்கின்சியா தாம்பிரபர்ணியைன்னு ஒரு சின்ன கெண்டை இந்த ஆத்துக்கே உரியது, ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பு இழை இழையா நீண்டு இருக்கும், அது உங்க பக்கம் கிடைச்சா அந்த இடத்தை முதல்ல காப்பாத்துங்க.

இப்ப கிளீனிங். பிளாஸ்டிக், பாட்டில், பாபநாசம் மாதிரி இடத்துல பரிகாரம்னு ஆத்துல விடுற துணி, எல்லாத்தையும் கையால எடுங்க. ஜேசிபி மட்டும் வேண்டவே வேண்டாம்! பாக்க பளிச்சுனு இருக்கும், ஆனா கரையோர கோரையையும் நாணலையும் வழிச்சு எடுத்தா மீன் குஞ்சு ஒதுங்க இடமே இல்ல. அயிரை மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்குற மீன், விரால் செடிக்கு நடுவுலதான் முட்டை போடும். செக்கச்செவேல்னு விரால் குஞ்சு கூட்டமா மேல வரும்போது தாய் தகப்பன் கீழ காவல் இருக்கும், அந்த நேரத்துல பெருசைப் பிடிச்சுட்டா குஞ்சு பூராவும் மத்த மீனுக்கு இரைதான். இந்த ஒரு விஷயத்தை ஊர்ல பசங்களுக்கு நேர்ல காட்டுங்க, நோட்டீஸ் அடிக்கிறதை விட நல்லா பிடிக்கும்.

விழா வச்சு மீன் குஞ்சு விடுறதையும் தயவுசெஞ்சு தவிருங்க. கட்லா, ரோகு எல்லாம் கங்கை பக்கத்து மீன். ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது, ஆப்பிரிக்க கெளுத்தி 2000லயே தடை பண்ணது. வீட்டுத் தொட்டியில பாசி திங்க வளர்த்த சக்கர் மீனை ஆத்துல விட்டா கரையில வளை தோண்டும், வலையில வந்தா திரும்ப உள்ள விடாதீங்க.

தண்ணியில எவ்வளவு ஆக்சிஜன் கரைஞ்சிருக்குன்னு பாக்குற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க. விடியறதுக்கு முன்னாடி பாருங்க, ராத்திரி பூரா பாசி ஆக்சிஜன் விடாது, எடுத்துக்க மட்டும் செய்யும், அதனால அப்பதான் ரொம்ப கம்மியா இருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு கீழ போனா மீனுக்கு ஆபத்து, மேல எங்கயாவது சாக்கடை கலக்குதான்னு நடந்து போய் பாருங்க.

வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிக்கிறது 1897 மீன்வளச் சட்டத்துலயே குற்றம். நீங்களே போய் மல்லுக்கு நிக்காதீங்க, தூரத்துல இருந்து போட்டோ எடுத்துட்டு போலீசுக்கும் மீன்வளத்துறைக்கும் சொல்லுங்க.

பதிவு கடைசியா. சங்கம்னா குறைஞ்சது 7 பேர் வேணும், டிரஸ்ட்னா சார்பதிவாளர் ஆபீஸ். பதிவு ஆகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நோட்டையும் போட்டோவையும் எடுத்துட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு கொடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்காம வராதீங்க.